குதிகாலில் எடுக்கும் சொட்டு ரத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்றரை வயது வரை எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்த குழந்தை, திடீரென்று அடிக்கடி இடறி விழுகிறது. முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடக்கிறது. "சில பிள்ளைகள் அப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும்" என்பார்கள் வீட்டில். ஆனால் மாதங்கள் போகப்போக நடை நிற்கிறது, பேச்சு நிற்கிறது, சோறு விழுங்குவதும் சிரமமாகிறது. மெட்டாக்ரோமாட்டிக் லுகோடிஸ்ட்ரோஃபி, சுருக்கமாக எம்.எல்.டி., என்ற பரம்பரை நோய் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

நரம்புகளைச் சுற்றியுள்ள உறையில் சல்ஃபடைடு என்ற கொழுப்பு இருக்கிறது. பழைய கொழுப்பைச் சிதைக்க ஒரு நொதி வேண்டும். அதற்கான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால், கொழுப்பு தேங்கி உறையை அழித்துவிடும். பெற்றோருக்கோ எந்த அறிகுறியும் இருக்காது. ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தவர்களிடம் இத்தகைய நோய்கள் கூடுதலாக வருகின்றன.

இதற்கு இன்று சிகிச்சை இருக்கிறது. இத்தாலியில் மிலான் நகரின் சான் ரஃபேலே டெலிதான் நிலையத்தில் உருவானது. குழந்தையின் ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களைப் பிரித்தெடுத்து, நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட எச்.ஐ.வி. வைரஸ் மூலம் சரியான மரபணுவை அவற்றுக்குள் சேர்க்கிறார்கள். எத்தனையோ குடும்பங்களைக் குலைத்த அந்த வைரஸா இது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. அப்புறம் கீமோதெரபி கொடுத்து, எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கி, அந்தச் செல்களை டிரிப்ஸ் போல ஏற்றுகிறார்கள். அவற்றின் வழிவந்த செல்களில் சில மூளைக்குள் போய்த் தங்கி நொதியைச் சுரக்கின்றன. பக்கத்துச் செல்களும் அதை எடுத்துக்கொள்கின்றன.

2020 டிசம்பரில் ஐரோப்பாவும் 2024 மார்ச்சில் அமெரிக்காவும் அனுமதி தந்தன. சின்ன வயதிலேயே தாக்கும் வகையில், அறிகுறி தோன்றுமுன் சிகிச்சை பெற்ற குழந்தைகள் அனைவரும் ஆறு வயதில் உயிருடன் இருந்தார்கள். சிகிச்சை பெறாதவர்களில் 58 சதவீதம்தான். சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் ஐந்து வயதில் யார் துணையும் இல்லாமல் நடந்தார்கள்.

அமெரிக்காவில் விலை 42.5 லட்சம் டாலர். நம் கணக்கில் 35 கோடி ரூபாய்க்கு மேல். இந்த விலை அநியாயம்தான். ஆனால் அதைவிட என்னை வருத்துவது வேறு. புதிய செல்கள் மூளையில் வேலையைத் தொடங்கவே மாதங்கள் ஆகும். நடை தடுமாறத் தொடங்கிய குழந்தையிடம் நோய் அதற்குள் முந்திவிடும். அதனால் பல குடும்பங்களில் மூத்த பிள்ளை படுத்த பிறகுதான் நோயின் பெயரே தெரிகிறது. சிகிச்சை இளையதற்கு மட்டும் கிடைக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, தாளில் ஒற்றியெடுக்கும் ரத்தத்திலேயே சல்ஃபடைடை அளந்துவிடலாம். நார்வே 2025-இல் எல்லாப் பச்சிளம் குழந்தைகளுக்கும் இதைத் தொடங்கிவிட்டது. மற்ற நாடுகளும் விரைந்து தொடங்க வேண்டும்.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு எம்.எல்.டி. என்று உறுதியானால், ஓடியாடி விளையாடும் தம்பி தங்கைக்கும் அதே வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த குழந்தை வயிற்றில் இருந்தால், மரபணு ஆலோசகரை உடனே பாருங்கள்.

நன்றி. வணக்கம்.