2025இல் தியேட்டரில் பார்த்த படங்கள்: கொஞ்சம் மனம் விட்டுக் கதைப்போம்

வணக்கம் எல்லாருக்கும். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கதைக்கிறேன். பின்னால் பஸ் ஹோர்ன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், காலி நகருக்குப் போகிற பெரிய வீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு இந்த வெக்கையில் இருக்க ஏலாது. 2025இல் வந்த படங்களைப் பற்றி ஒரு வீடியோ போடச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எல்லாப் படத்தையும் தொடப் போவதில்லை. மார்க் போடுவதும் எனக்குப் பிடிக்காது, ஐந்துக்கு மூன்று என்று சொன்னால் அதிலிருந்து உங்களுக்கு என்ன விளங்கும்? மனதில் நின்ற படம் ஏன் நின்றது, நிற்காதது ஏன் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ரஜினியின் கூலி படத்தைச் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். ஓகஸ்ட் 14 வந்தது. ரஜினிக்காகப் போனேன், ரஜினி ஏமாற்றவில்லை. இந்த வயதிலும் அவர் நடந்து வந்து நின்றால் தியேட்டரே எழும்புகிறது, அது வேறு யாருக்கும் வராது. சௌபின் சாஹிர் பிரமாதம், ரச்சிதா ராமும் அப்படித்தான், அந்த இரண்டு பேரும் வருகிற இடங்களில் மட்டும்தான் அடுத்து என்ன நடக்குமோ என்று எனக்குப் பதறியது. ஆனால் 1986இல் வந்த மிஸ்டர் பாரத்துக்குப் பிறகு ரஜினியும் சத்யராஜும் சேர்கிற படம் இது, அப்படிப்பட்ட சத்யராஜைக் கூட்டிவந்து தொடக்கத்திலேயே பிணமாகப் படுக்க வைத்தால் எனக்குக் கோபம் வரும். அந்த இரண்டு பேரும் எப்படிப்பட்ட சிநேகிதர்கள் என்று கண்ணால் பார்த்திருந்தால்தானே, இவர் பழிவாங்கக் கிளம்பும்போது நானும் கூடவே கிளம்புவேன்? நாகார்ஜுனா, உபேந்திரா, அமீர் கான் என்று ஒவ்வொருவராக வந்து இறங்குகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தம், ஒரு விசில். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவர்களில் ஒருவரைப் பற்றியும் கதைக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சரி, இப்போது நான் உண்மையில் கதைக்க வந்த படம். டூரிஸ்ட் ஃபேமிலி. மே 1, சூர்யாவின் ரெட்ரோ வந்த அதே நாள். அபிஷன் ஜீவிந்த் என்ற புதுப் பெடியனின் முதல் படம். சசிகுமார், சிம்ரன், இரண்டு பிள்ளைகள். பொருளாதார நெருக்கடியில் இங்கே வாழ ஏலாமல் படகேறி ராமேஸ்வரம் போய் இறங்கி, சென்னையில் ஒரு காலனியில் யாருக்கும் தெரியாமல் குடியேறுகிற குடும்பம். கேரளாக்காரர் என்று சொல்லுங்கள், அக்கம்பக்கத்தில் அதிகம் பழகாதீர்கள் என்று யோகி பாபு, சிம்ரனின் சகோதரனாக வருகிறவர், சொல்லிக்கொடுக்கிறார். இவர்களால் பழகாமல் இருக்க முடிவதில்லை. இதுதான் கதை.

இதற்கு நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் தொடங்கியதுமே குடும்பம் பொலிஸில் மாட்டுகிறது, சின்னவன் முள்ளி, கமலேஷ் என்ற பையன் நடித்தது, வாயைத் திறந்து கதைக்கத் தொடங்கினான், எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், கொஞ்சம் உரக்கவே, "இவன் எங்கட பெடியன் மாதிரித்தான் கதைக்கிறான்" என்றார். யாரும் அவரை உஸ் என்று அடக்கவில்லை. எத்தனை வருசமாகத் தமிழ்நாட்டுப் படங்களில் எங்கட ஆட்கள் என்று காட்டுகிற ஆட்களைப் பார்த்து இருக்கையில் நெளிந்திருக்கிறோம். ஒன்று துப்பாக்கியோடு வருவோம், இல்லையென்றால் அழுதுகொண்டு வருவோம். பகிடி விட்டுக்கொண்டு, பிள்ளையை அதட்டிக்கொண்டு, நாளைக்கு என்ன சமைக்கிறது என்று யோசித்துக்கொண்டு வந்தது மிகக் குறைவு. பேச்சு முழுக்கச் சரியா என்றால், இல்லை. சசிகுமார் சில இடங்களில் மதுரைக்கே போய்விடுகிறார், சிம்ரன் கவனமாக இருக்கிறார், சின்னவன்தான் இழுத்துக்கொண்டு போகிறான். அதெல்லாம் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவர் மற்றவரைப் பார்க்கிற பார்வை சரியாக இருந்தது.

இன்னொன்று, அவர்கள் நாட்டை விட்டுப் போகிற காரணம். யுத்தம் இல்லை, 2022. அந்த வருசம் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் காஸ் சிலிண்டர்களை வரிசையாக அடுக்கி, ஒன்றோடு ஒன்று சங்கிலி போட்டுப் பூட்டி, வீட்டிலிருந்து நேரத்துக்கு நேரம் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வருவோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த மாதத்தில்தான் மன்னார்ப் பக்கத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கைக்குழந்தைகளோடு ஆட்கள் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள், செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்களின் இடத்தில் ஒரு குடும்பத்தை வைத்துச் சிரிக்கவும் வைத்து ஒரு படம் வரும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

குறை இல்லாத படமும் இல்லை. நிஜத்தில் அப்படிப் போய் இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்தது மண்டபம் அகதி முகாமில். அந்த முகாம் வாழ்க்கையின் பக்கமே படம் போகவில்லை. காலனியில் எல்லாரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள், கொஞ்சம் முறைத்தவரும் இளகிவிடுகிறார். வாழ்க்கை அப்படி இல்லை என்று அம்மாவே சொன்னார். ஆனால் அந்த வயோதிபத் தம்பதி வருகிற பகுதி, அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். குமரவேலும் ஸ்ரீஜா ரவியும். ஒரு வீட்டில் தனியாக இருக்கிற இரண்டு பேர், அதில் அந்த அம்மா செத்துப்போகிறார், அதே தெருவில் இத்தனை காலம் இருந்தவர்களுக்கு அவரைச் சரியாகத் தெரியாது, நேற்று வந்த இந்தக் குடும்பம்தான் ஓடிப்போய் நிற்கிறது, எல்லாரையும் கூப்பிட்டுச் சேர்க்கிறது. வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிற எவருக்கும் அது சுடும். எங்கள் மாடிகளில் எத்தனை கதவுக்குப் பின்னால், பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இரண்டு பேர் மட்டும் ரீவியைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்? லிஃப்டில் தலையாட்டுவோம், பெயர் தெரியாது. படம் விட்டு வந்த அன்றைக்கே அம்மா எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்கு ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு எழுதத் தெரியாது.

இதோடு சேர்த்து இன்னொரு படம் சொல்லவேண்டும், 2025இல் வந்த படம் இல்லை, ஆனால் டூரிஸ்ட் ஃபேமிலி பிடித்தவர்கள் கட்டாயம் தேடிப் பார்க்கவேண்டும். பாரடைஸ். எங்கள் பிரசன்ன விதானகே எடுத்தது, 2023இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கி, 2024இல் இந்தியாவில் தியேட்டருக்கு வந்தது, மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் வழங்கியது. அதே 2022 நெருக்கடிதான், ஆனால் மற்றப் பக்கத்திலிருந்து. கேரளாவிலிருந்து ஒரு சோடி இராமாயணச் சுற்றுலா என்று மலைநாட்டுக்கு வருகிறார்கள், ரொஷான் மேத்யூவும் தர்ஷனா ராஜேந்திரனும். நாடு பற்றி எரிகிறது, அவர்களுக்கு வசதியான பங்களா, மான் இறைச்சி. பிறகு அவர்களுடைய பொருட்கள் களவு போகின்றன. பொலிஸ் யாரைப் பிடிக்கும்? தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெடியன்களை. மஹேந்திர பெரேரா அந்த சார்ஜன்டாக வருகிறார், மிருகம் மாதிரி ஒரு வில்லனாக இல்லை, மேலே இருந்து அழுத்தம், கீழே பெற்றோல் இல்லாத ஜீப், அதற்குள் நின்று கையை ஓங்குகிற ஒரு சாதாரண மனிதராக. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. மலையகத் தமிழரை நெருக்கடியின் விலையை முதலில் கொடுக்கிறவர்களாக அந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டிய படம் நான் வேறு பார்த்ததில்லை.

அப்புறம் கிங்டம். ஜூலை 31, விஜய் தேவரகொண்டாவின் தெலுங்குப் படம். கதை இலங்கைக்கு வருகிறது, தொண்ணூறுகளின் தொடக்கம், அண்ணனைத் தேடி வருகிற தம்பி. படப்பிடிப்பு அழகு, அனிருத் இசை நல்லது, அதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்களை அடக்கி ஒடுக்குகிற வில்லனுக்கு முருகன் என்று பெயர் வைத்து, அவனை எங்கட ஆளாகக் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தியேட்டர்களுக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்தது, தயாரிப்பாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். படத்தை ஓடவிடக்கூடாது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, போய்ப் பார்த்துவிட்டுத்தான் கதைக்கிறேன். வில்லன் தமிழனாக இருக்கலாம், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அவன் ஏன் அப்படி ஆனான், அவனுடைய வீடு எது, அவனுக்குப் பயந்து இருக்கிற சாதாரண தமிழ்ச் சனம் எங்கே, இதில் ஒன்றும் படத்தில் இல்லை. அந்தக் காலத்தில் வடக்கில் வாழ்ந்த எவராவது எழுதும்போது பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நாளில் சரிசெய்திருப்பார்.

பெருசு பற்றிக் கொஞ்சம். மார்ச் 14 வந்தது, குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்டால் உங்கள் குடும்பத்தைப் பொறுத்தது. செத்துப்போன அப்பாவின் உடம்பில் ஊருக்குக் காட்ட முடியாத ஒரு சங்கடம், அதை மறைக்கப் பிள்ளைகள் படுகிற பாடு. இளங்கோ ராம் நம் நாட்டுக்காரர், முதலில் இதையே சிங்களத்தில் எடுத்தார், டென்டிகோ, எஸ்டோனியாவின் தாலின் திரைப்பட விழாவில் விருது வாங்கியது. பிறகு கார்த்திக் சுப்புராஜின் நிறுவனம் தமிழில் அவரையே எடுக்க வைத்தது. வைபவும் அவருடைய சொந்த அண்ணன் சுனிலும் அண்ணன் தம்பியாகவே நடித்திருக்கிறார்கள், அந்தச் சண்டையும் சமாதானமும் நடிப்பாகவே தெரியவில்லை. தமிழில் பகிடி கூடிப்போய் சாவின் பாரம் குறைந்துவிட்டது, சிங்களப் படத்தில் இரண்டும் சமமாக இருந்தது. ஆனாலும் கொழும்பில் படம் எடுத்த ஒருவர் இரண்டு மொழியிலும் தியேட்டரை நிரப்பலாம் என்று காட்டியிருக்கிறாரே, எனக்கு அது சந்தோசம்.

கடைசியாக பைசன். தீபாவளிக்கு, ஒக்டோபர் 17. மாரி செல்வராஜ், துருவ் விக்ரம், கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. கபடி நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பசுபதியை. மகன் விளையாடப் போனால் அடிதடியில் செத்துப்போவானோ என்று பயந்து, அந்தப் பயத்தாலேயே அவனைத் தடுக்கிற அப்பா. மகனுக்காக யார் காலில் விழவும் தயாராக நிற்கிற இடத்தில் அவருடைய கழுத்து நரம்பைப் பாருங்கள், வசனமே தேவையில்லை. எங்கட ஊரிலும் யுத்த காலத்தில் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த அப்பாமார் இருந்தார்கள், எனக்கு அவர்கள் ஞாபகம் வந்தது. இரண்டாம் பாதி நீளம்தான், ஒரே வன்முறை திரும்பத் திரும்ப வருகிறது. பரவாயில்லை, பசுபதிக்காக இன்னொரு தடவை போவேன்.

இனி, தியேட்டர்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால் உங்களிடம் ஒரு கேள்வி. டூரிஸ்ட் ஃபேமிலிக்கு இரண்டாவது தடவை என்னோடு அலுவலகத்தில் வேலை செய்கிற சிங்கள நண்பி ஒருத்தி வந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்காது, நாங்கள் போன காட்சியில் ஆங்கில சப்டைட்டில்தான் ஓடியது, அதை வாசித்து முடிக்க முதலே அடுத்த வசனம் போய்விடுகிறது. தியேட்டர் முழுக்கச் சிரித்த பிறகு அவள் என் பக்கம் திரும்பி என்ன சொன்னான் என்று கேட்பாள், நான் காதுக்குள் சிங்களத்தில் சொல்வேன், அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் இன்னொரு பகிடியைத் தவறவிடுவோம். ஆனாலும் அந்த வயோதிபத் தம்பதிக் கட்டத்தில் நான் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை, அவள் பாட்டுக்கு அழுதாள். சிங்களப் படத்துக்கு நான் போனால் இதே கதை மறுபக்கமாக நடக்கிறது. கொழும்பில் ஒரு தமிழ்ப் படத்துக்குச் சிங்கள சப்டைட்டில், ஒரு சிங்களப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட என்ன தடை? செலவு என்றால் எல்லாக் காட்சிக்கும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரக் காட்சி ஒன்றுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். எங்கே, எப்போது என்று சொன்னால் போதும், இந்தச் சேனலில் நானே அறிவிக்கிறேன், அவளுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் அன்றைக்கே வாங்குகிறேன்.