அடுப்படியில் காதுக்கும் வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுச் சமையலில் இருக்கிற சின்னச் சின்னச் சந்தோஷங்களைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது கொஞ்சம் திகைத்தேன். வானொலியில் ரசத்தின் நிறத்தைக் காட்ட முடியாது. மணத்தை அனுப்ப முடியாது. என்னத்தைப் பேசுவது? அப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்தப் பேச்சுக்கு வானொலிதான் பொருத்தமான இடம் என்று பட்டது. சமையலில் பாதி வேலை காதில்தான் நடக்கிறது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறவருக்கு, வாணலியில் என்ன ஆகிறது என்று காதுதானே சொல்கிறது?

நான் சமையல்காரன் இல்லை. என் மனைவி மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி அடிக்கடி வரும். அதனால் எங்கள் வீட்டு ராச்சாப்பாடு என் பொறுப்பாகி வெகுகாலம் ஆயிற்று. வேறு வழியில்லாமல் பிடித்த கரண்டிதான். ஆசை பிற்பாடு வந்தது. அந்த ஆசைக்குச் சாப்பிடுகிற ருசி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அடுப்பில் ஒன்று இன்னொன்றாக மாறுகிற அந்த நொடியைக் கண்டுபிடிப்பது. அந்த நொடியைச் சில சமயம் மூக்கு கண்டுபிடிக்கும், சில சமயம் கண். பெரும்பாலும் காது.

கடுகிலிருந்து தொடங்குகிறேன். எண்ணெய் காயாமல் போட்டால் கடுகு சும்மா கிடக்கும். பதமான சூட்டில் போட்டால் முதலில் ஒன்று வெடிக்கும், பிறகு இரண்டு மூன்று, பிறகு சடசடவென்று மொத்தமும். விதைக்குள் இருக்கிற துளி ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைக் கிழித்துக்கொண்டு வருகிற சத்தம் அது. சத்தம் தணிகிற நேரத்தில் உளுத்தம்பருப்பைப் போட வேண்டும். அது பொன்னிறமாகும்போது மிளகாய் வற்றல், பெருங்காயம். கடைசியில் கறிவேப்பிலை. கழுவிய இலையில் ஒட்டியிருக்கிற தண்ணீர் எண்ணெயில் பட்டு ஒரு சீறல் சீறும் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் போகிறவருக்கும் பசிக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தாளித்த கடுகில் காரமே இருக்காது. ஆனால் அதே கடுகைப் பச்சையாக ஈரத்தோடு அரைத்துப் பாருங்கள், மூக்கில் சுர்ரென்று ஏறும். ஆவக்காய் ஊறுகாய்க்கும், கடுகு அரைத்துவிட்ட வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கும் அந்தக் காரம்தான் உயிர். அது விதைக்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. விதை நசுங்கி ஈரம் பட்டதும், அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த ஒரு நொதியும் ஒரு கந்தகச் சேர்மமும் சேர்ந்து அப்போதுதான் அதை உண்டாக்குகின்றன. கொதிக்கிற எண்ணெய் அந்த நொதியை முதலிலேயே முடித்துவிடுகிறது. அதனால் தாளிப்பில் வறுத்த வாசனை மட்டும் மிஞ்சுகிறது.

பெருங்காயம் இதற்கு நேர்மாறு. டப்பாவைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். எண்ணெயில் விழுந்த மறுகணம் வெங்காயமும் பூண்டும் சேர்ந்து வதங்குகிற மணம். ஒரு செடியின் வேரைக் கீறினால் வடிகிற பால்தான் உறைந்து பெருங்காயமாகிறது. அதன் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம். சாம்பாருக்கு இத்தனை அவசியமான இந்தச் சரக்குக்கு நாம் இன்னும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறோம். 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தில், பாலம்பூரில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தார் லாகௌல் பள்ளத்தாக்கில் பயிரிடுவதற்காக முதல் நாற்றை நட்டார்கள். கும்பகோணத்து வீட்டுச் சாம்பாரின் வாசனை ஆப்கானிஸ்தான் மலையடிவாரத்திலிருந்து வருகிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அடுத்து தோசைக்கல். கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க நாலு துளி தண்ணீர் தெளிக்கிறோம். துளி அப்படியே கிடந்து மெல்லக் கொதித்தால் சூடு போதாது. 'சொய்ங்' என்று சத்தம் போட்டு உடனே வற்றினால் மாவை ஊற்றலாம். சத்தமே இல்லாமல் துளி முத்தாகத் திரண்டு கல்மேல் உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. துளிக்கு அடியில் ஆவிப் படலம் உண்டாகி அதைத் தூக்கிப் பிடிக்கிறது. துளி கல்லைத் தொடுவதே இல்லை, பிறகு எங்கே சத்தம் வரும்? 1756-இல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரமாக எழுதிவைத்தார், இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் பெயரில்லாமலே தெரிந்த சங்கதி. அந்தச் சூட்டில் மாவை ஊற்றினால் பரவாது, கரண்டியோடு சுருண்டு வரும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கல் வழிக்கு வரும்.

காதால் சமைக்கிறோம் என்றால் குக்கரை விட முடியுமா? ஆனால் விசில் கணக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. யாரைக் கேட்டாலும் 'மூணு விசில்' என்கிறார்கள். யார் வீட்டு மூணு? அடுப்பைப் பெரிதாக வைத்தால் விசில் அடுத்தடுத்து வரும், பருப்பு வெந்திருக்காது. சிறிதாக வைத்தால் ஒரு விசிலே வராமல் குழைந்துவிடும். பருப்பை வேக வைப்பது விசில் இல்லை, உள்ளே இருக்கிற சூடும் நேரமும். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஊட்டி மாதிரி உயரத்தில் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வைத்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். குக்கருக்குள் ஆவி அழுத்துவதால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுகிறது. ஆகவே முதல் ஆவி வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணுவதே என் வழக்கம். எங்கள் வீட்டில் இது விவாதத்துக்குரிய கருத்து.

புளி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பருப்போ காயோ வேகும் முன் புளியை ஊற்றிவிட்டால் அப்புறம் எத்தனை நேரம் கொதித்தாலும் கடக்கென்றுதான் இருக்கும். புளிப்பு, காயின் நாரை இளக விடாது. அது முக்கால்வாசி வெந்த பிறகுதான் புளிக்கரைசல்.

ரசத்துக்கு வருகிறேன். ரசம் வைக்கும்போது மட்டும் காது பெரிதாக உதவாது, ஏனென்றால் ரசம் சத்தம் போட்டுக் கொதித்தால் போயிற்று. புளிக்கரைசலும் தக்காளியும் நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை போகட்டும், அதில் அவசரமில்லை. பருப்புத் தண்ணீரையும் மிளகு சீரகப் பொடியையும் சேர்த்த பிறகுதான் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஓரத்தில் நுரை தொடங்கி, நடுவை நோக்கி மூடிக்கொண்டு வரும். மூடியதும் இறக்கிவிட வேண்டும். மிளகு, சீரகத்தின் வாசனை எளிதில் ஆவியோடு போய்விடுகிற எண்ணெய்களில் இருக்கிறது. கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும், தட்டில் மணக்காது.

ஈயச் சொம்பு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அது 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை பயமில்லை, ரசம் அந்தச் சூட்டுக்குப் போகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு 'இதோ வருகிறேன்' என்று தொலைபேசியை எடுக்கப் போனால், திரும்பும்போது அடியில் ஓட்டை. வாங்கும்போது காரீயம் கலக்காததுதானா என்று நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். காரீயம் நஞ்சு, புளியில் கரையும்.

இவ்வளவு ரசனையாகப் பேசுகிறேன். எனக்கு இது எளிது. வாரத்தில் சில ராத்திரிகள், அதுவும் ஒரு வேளை. மறுநாள் காலை இட்லி, பள்ளிக்கூட டப்பா, மதியக் குழம்பு என்று வரிசையாக நிற்கிறவருக்குக் கடுகு வெடிப்பதை ரசிக்க நேரம் ஏது? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அப்போது சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலைகளைச் செய்த ஆண்கள் 97 நிமிடம். அதிலும் அந்த வேலைகளைத் தொட்ட ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். சமையல் சுகம் என்று ஓர் ஆண் மேடையேறிப் பேசினால், வீட்டில் யாராவது 'அப்போ நாளைக்கு நீங்களே பண்ணுங்க' என்று சொல்வது முழுக்க நியாயம். வேலையைப் பங்கு போட்டால்தான் சந்தோஷமும் பங்குக்கு வரும். கேட்டுக்கொண்டிருக்கிற ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு நிறுத்திக்கொள்ளாமல், புதன்கிழமை ராத்திரி ஒரு மிளகு ரசமும் அப்பளமும் முயன்று பாருங்கள். பிரியாணிக்குப் பாராட்டு வரும், உண்மைதான். புதன்கிழமை ரசத்துக்கு யாரும் கைதட்டமாட்டார்கள். ஆனால் எல்லோரும் இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

எங்கள் மகள் இப்போது வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். சமைக்கும்போது எனக்கு அழைப்பாள். அளவு கேட்கமாட்டாள். தொலைபேசியை வாணலிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அப்பா, இந்தச் சத்தம் சரியா?" என்பாள். போன வாரம் கேட்டது சின்ன வெங்காயம் வதங்குகிற சத்தம். சளசளவென்று ஈரமாக இருந்தது. "தண்ணி இன்னும் வத்தலைம்மா. பொறு, சத்தம் சன்னமாகட்டும், அப்புறம் புளியை விடு" என்றேன். "அதெல்லாம் தெரியும், பசிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு அப்போதே ஊற்றிவிட்டாள். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்டது.

நன்றி, வணக்கம்.