“நாங்கள் திருப்பித்தான் அடித்தோம்”

நேயர்களுக்கு வணக்கம்.

எங்காவது குண்டு வெடித்தாலோ ஊர்க்கலவரம் மூண்டாலோ, மறுநாள் காலையில் நம்மில் பலர் சொல்வது, “பைத்தியக்காரன்தான் இப்படிச் செய்வான்” என்பதே. அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. செய்தவனுக்கும் நமக்கும் இடையே வேலி விழுந்துவிடுகிறது. ஆனால் பயங்கரவாதத்தில் ஈடுபட்டவர்களை ஆராய்ந்த உளவியலாளர்கள் பலர் கண்டது வேறு. அவர்களில் பெரும்பாலோருக்குக் கடுமையான மனநோய் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் சேஜ்மன் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பலர் நண்பர்கள், உறவினர்கள் வழியாகவே இயக்கத்துக்குள் வந்திருந்தார்கள். கூட்டாளி போன இடத்துக்குத் தானும் போனவர்கள் அவர்கள்.

“நம்மவர்” என்ற உணர்வு உண்டாகப் பெரிய காரணம்கூடத் தேவையில்லை. 1970 வாக்கில் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் சமூக உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் பள்ளி மாணவர்களை அற்பமான காரணம் சொல்லிக் குழுக்களாகப் பிரித்தார். தன் குழு எது என்பது மட்டுமே ஒவ்வொருவருக்கும் தெரியும், மற்றவர்களில் எவர் எந்தக் குழு என்பதுகூடத் தெரியாது. ஆயினும் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தம் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட ஒரு படி மேலே நின்றால் போதும் என்று நினைத்தவர்களும் உண்டு.

ஆனால் ஓரவஞ்சனை வேறு, அரிவாள் வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மனிதனைக் கொண்டு போவது பெரும்பாலும் வெறுப்பைவிட அச்சமே என்பது என் கருத்து. நம் குமரி மாவட்டத்தில் பதற்றமான ஒரு இரவில் கைபேசியில் வரும் குரல் பதிவைக் கவனித்துக் கேளுங்கள்: “அங்க நம்ம ஆளுவள போட்டு அடிக்கானுவ, எல்லாரும் வாங்கல.” அடித்தவன் பெயர் இராது, அடிபட்டவன் பெயரும் இராது, இடம்கூட “அங்க” என்பதோடு நின்றுவிடும். பெயர் இருந்தால் விசாரித்துப் பார்க்கலாம். இல்லாததால், கேட்பவன் தன் அண்ணனையோ மைத்துனனையோ அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறான். கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரும்போது, தான் தாக்கப் போகிறோம் என்று அவன் நினைப்பதில்லை, காக்கப் போகிறோம் என்றே நினைக்கிறான்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட இந்து–கிறிஸ்தவ மோதல் கரையோர ஊர்களுக்குப் பரவியதையும், துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போனதையும், நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்ததையும் மூத்த நேயர்கள் அறிவார்கள். அந்த நாட்களைப் பற்றி எந்தத் தரப்பு முதியவரிடம் பேசினாலும், “நாங்க திருப்பித்தான் அடிச்சோம்” என்ற பதிலே வருகிறது. அதைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

வானொலியில் இதைப் பேசும்போது ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவை மறைக்க முடியாது. 1994-இல் அங்கே ஒரு தனியார் வானொலி, சிறுபான்மை டுட்சி இன மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைத்தது. அவர்கள் உங்களைக் கொல்லப் போகிறார்கள் என்று பெரும்பான்மை ஹூட்டு மக்களை நாள்தோறும் எச்சரித்தது. சுமார் 100 நாட்களில் கொல்லப்பட்டோர், பெரும்பாலும் டுட்சிகளே, ஏறத்தாழ 8 லட்சம் பேர். வானொலியை நடத்தியவர்களில் சிலர் பின்னர் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் தண்டிக்கப்பட்டார்கள்.

கூட்டம் என்றாலே அறிவிழந்த கும்பல் என்ற பழைய எண்ணமும் முழு உண்மை அன்று. 1980-இல் பிரிஸ்டலில் நடந்த கலவரத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர், கூட்டத்தினர் காவலர்களையும் சில குறிப்பிட்ட கட்டடங்களையும் தாக்கினார்களே தவிர, கண்டதையெல்லாம் உடைக்கவில்லை என்று காட்டினார். எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற வரம்பைக் கூட்டம் தனக்குள்ளேயே வகுத்துக்கொள்கிறது. ஆகவே அதைத் தடுக்கும் குரலும் உள்ளிருந்து வந்தால்தான் எடுபடும். மண்டைக்காட்டுக்குச் சைவத் துறவி குன்றக்குடி அடிகளார் வந்து சமாதானம் பேசியது பெரிய காரியம். ஆயினும் அடுத்த ஊரில் இரவு பதினொரு மணிக்கு அந்தக் குரல் பதிவு வரும்போது, “யாரு அடிபட்டது? பேரச் சொல்லுங்க, நான் போன் பண்ணிக் கேக்கேன்” என்று தன் ஆட்களிடமே கேட்கக்கூடியவர் பங்குத்தந்தையாகவோ, கோயில் நிர்வாகியாகவோ, ஜமாஅத் தலைவராகவோதான் இருக்க முடியும். அமைதிக்குழுக் கூட்டங்களில் இவர்களை மேடையில் அமர்த்திச் சால்வை போர்த்துவதோடு நிறுத்திவிடுகிறோம். இந்த மூவரின் கைபேசியிலும் மற்ற இருவரின் எண்கள் இருக்கின்றனவா என்று எவரும் கேட்பதில்லை.