அரை ஏக்கர் போதுமா? சாக்கடை இணைப்பு இல்லாத மனைகளின் கணக்கு

[திரையில்: ஒரு துண்டு நிலம். ஒரு வீடு, ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் செப்டிக் டேங்க்]

வணக்கம். பாதாளச் சாக்கடை வராத ஒரு கிராமப்புறத்தில் ஒரு வீடு கட்ட எவ்வளவு நிலம் இருந்தால் போதும்?

பல இடங்களில் விதிப்புத்தகம் இதற்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்லிவிடுகிறது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர், சில இடங்களில் ஐந்து, பத்து ஏக்கர்கூட. அதைவிடச் சின்னதாக மனை பிரிக்க முடியாது. அப்பா இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார், மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வீடு கட்டப் பிரித்துக் கொடுக்க நினைக்கிறார், விதி குறுக்கே நிற்கிறது. வேலைக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள நினைக்கும் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வாங்கக் கட்டுப்படியாவதில்லை. அதனால்தான் இந்த அளவைக் குறையுங்கள் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. எதிர்ப்பக்கம் எழும் முதல் குரல், "கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும்?" என்பது.

இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அளவைக் குறைக்கலாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் ஏக்கர் எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஏன் என்று புரிய, முதலில் அந்த நிலம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

[திரையில்: வீட்டிலிருந்து குழாய், தொட்டி, அதற்கு அப்பால் மண்ணுக்குள் துளைக் குழாய்கள்]

செப்டிக் டேங்க் கழிவுநீரைச் சுத்தம் செய்துவிடும் என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது செய்வது பாதி வேலைகூட இல்லை. கனமான கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் நீர் வெளியே போகும். 1860களில் பிரான்சில் மூரா என்பவர் வீட்டுக் கழிவுக்குக் கட்டிய தொட்டியிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். உண்மையான சுத்திகரிப்பு, தொட்டிக்கு வெளியே மண்ணில்தான் நடக்கிறது. துளைக் குழாய்கள் வழியாக அந்த நீர் மண்ணில் ஊறும் இடத்தை ஊறல் பகுதி என்று வைத்துக்கொள்வோம். அங்கே காற்றோட்டமுள்ள மண்ணின் வழியாக நீர் மெதுவாக இறங்கும்போதுதான் கிருமிகள் வடிகட்டப்பட்டுச் சாகின்றன. அதற்கு ஊறல் பகுதியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே குறைந்தது 60 முதல் 120 சென்டிமீட்டர் வரை ஈரம் தேங்காத மண் வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கழிவுநீர் நேராகக் கிணற்று நீரோடு கலந்துவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஒரு மனைக்குள் வீடு, தொட்டி, ஊறல் பகுதி, அது அடைத்துக்கொண்டால் பயன்படுத்த அதே அளவில் இன்னொரு காலி இடம், அப்புறம் கிணறு இத்தனையும் அடங்க வேண்டும். கிணறு தவிர மற்றதெல்லாம், மண் நன்றாக இருந்தால், கால் ஏக்கரில்கூட அடங்கிவிடும். சிக்கல் கிணற்றில்தான். ஊறல் பகுதி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பரவலாக உள்ள விதி. 30 மீட்டர் ஆரத்தில் கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அந்த வட்டத்தின் பரப்பு மட்டும் ஏறத்தாழ 0.7 ஏக்கர், அதாவது 70 சென்ட்! அதற்குள் உங்கள் ஊறல் பகுதியும் வரக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரருடையதும் வரக்கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கிணறு என்றால், அரை ஏக்கர் மனைகளை வரிசையாகப் போடும்போது வட்டங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஒருவர் கிணறு தோண்டிவிட்டால் அடுத்தவருக்கு ஊறல் பகுதி போட இடமிருக்காது.

ஆனால் குழாயில் பொதுக் குடிநீர் வந்துவிட்டால் அந்த வட்டங்கள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போகின்றன. மனையின் அளவைப் பாதியாகக் குறைக்கக் கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது குடிநீர் இணைப்பு என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

[திரையில்: தோண்டிய குழி, பக்கச் சுவரில் மண் அடுக்குகள்]

சரி, மண்ணுக்கு வருவோம். ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு குழி தோண்டி, அதன் சுவரைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மேலே கரும்பழுப்பு, அதற்குக் கீழே ஒரே சீரான செம்பழுப்பு, இன்னும் கீழே போனால் சில குழிகளில் சாம்பல் நிறத் திட்டுகளும் நடுநடுவே துரு நிறப் புள்ளிகளும் தெரியும். கோடையில் தோண்டினால் குழி காய்ந்துதான் கிடக்கும், கைவிட்டாலும் ஈரம் இருக்காது. ஆனாலும் அந்தச் சாம்பல் திட்டு, மழைக்காலத்தில் நீர் இதுவரைக்கும் ஏறி வாரக்கணக்கில் நின்றிருக்கிறது என்று சொல்லிவிடும். நீர் தேங்கி காற்று இல்லாமல் போகும்போது மண்ணிலுள்ள இரும்பு கரைந்து நிறம் வெளிறுகிறது, காற்று திரும்பும் இடத்தில் துருவாகப் படிகிறது. மண்ணைப் படிக்கத் தெரிந்தவர் தரைமட்டத்திலிருந்து அந்தத் திட்டு வரை அளந்து பார்த்தே இங்கே வீடு கட்டலாமா என்று சொல்லிவிடுவார்.

இன்னொரு சோதனையும் உண்டு. சின்னக் குழியில் நீர் ஊற்றி, மண் நன்றாக ஊறிய பிறகு, ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். நியூயார்க்கில் ஹென்றி ரயான் என்ற பொறியாளர் 1920களில் உருவாக்கிய முறை இது. நீர் சட்டென்று இறங்கினால் நல்லது என்று தோன்றும், ஆனால் கரடுமுரடான மணலில் கிருமி வடிகட்டப்படும் முன்பே நீர் கீழே போய்ச் சேர்ந்துவிடும். களிமண்ணில் இறங்கவே இறங்காது, கழிவுநீர் மேலே பொங்கி வந்து நிற்கும்.

ஆகவே களிமண்ணில் இரண்டு ஏக்கர் இருந்தும் ஒரு வீட்டுக்குப் போதாமல் போகலாம், நல்ல மண்ணில் அரை ஏக்கரே தாராளமாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதும் விதி ஒருவருக்கு அநியாயம், இன்னொருவருக்கு ஆபத்து.

[திரையில்: நைட்ரேட், லிட்டருக்கு மில்லிகிராம்]

மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாத ஒரு பொருள் இருக்கிறது. நைட்ரேட். கழிவிலுள்ள நைட்ரஜன் மண்ணில் மாறி உருவாவது அது. கிருமியை மண் பிடித்துவைக்கும், ஆனால் நைட்ரேட் நீரோடு அப்படியே போகும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் பால்மாவு கலந்து கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் உடல் நீலம் பாரித்ததைக் கிணற்று நீரின் நைட்ரேட்டோடு தொடர்புபடுத்தி எழுதினார். அமெரிக்காவில் இன்றைய குடிநீர் வரம்பு, நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 10 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் நைட்ரேட்டாகக் கணக்கிட்டு 50 மில்லிகிராம் என்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நைட்ரேட்டைக் குறைக்க நிலத்துக்கு இருக்கும் முக்கியமான வழி, அதை மழைநீரோடு கலந்து நீர்க்கச் செய்வது. நிலம் பெரிதாக இருந்தால் அதில் இறங்கும் மழைநீரும் அதிகம். ஏக்கர் கணக்கின் அடிப்படையே இதுதான், ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மனிதரின் கழிவில் ஆண்டுக்கு நான்கு கிலோ நைட்ரஜன் போலச் சேரும். நான்கு பேர் உள்ள வீட்டில் 16 கிலோ. வழியில் கால்வாசி குறைகிறது என்று வைத்தால், நிலத்தடி நீருக்குப் போவது 12 கிலோ. ஆண்டில் 250 மில்லிமீட்டர் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் இடம் என்று எடுத்துக்கொள்வோம், இது நானாக எடுத்துக்கொண்ட அளவு, உங்கள் இடத்தின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் அப்படி இறங்குவது ஏறத்தாழ பத்து லட்சம் லிட்டர். வீட்டுக் கழிவுநீர் நாளுக்கு 600 லிட்டர் என்றால் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம். மொத்த நீரில் 12 கிலோவைக் கரைத்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதே வீடு அரை ஏக்கரில் இருந்தால் 16க்கு மேல். கால் ஏக்கரில் 25.

இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் நைட்ரஜனைப் பாதியாகக் குறைக்கும் சுத்திகரிப்புக் கருவி ஒன்றை வையுங்கள். அரை ஏக்கரில் 8 ஆக இறங்கிவிடுகிறது! கால் ஏக்கருக்கு அப்போதும் 12க்கு மேல்தான். அதாவது நல்ல கருவி அரை ஏக்கரைச் சாத்தியமாக்குகிறது, கால் ஏக்கரை ஆக்கவில்லை, குறைந்தபட்சம் இந்த மழையளவில்.

[திரையில்: லாங் ஐலண்ட் வரைபடம்]

இதை ஒரு பெரிய பகுதியே அனுபவித்துப் பார்த்திருக்கிறது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள சஃபோக் கவுண்டியில் மூன்றரை லட்சம் வீடுகளுக்கு மேல் சாக்கடை இணைப்பு கிடையாது, குடிநீர் முழுக்க நிலத்தடியிலிருந்துதான். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு விதி போட்டார்கள்: சில நிலத்தடி நீர் மண்டலங்களில் வீட்டுக்கு 40,000 சதுர அடி, அதாவது ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மற்ற மண்டலங்களில் 20,000 சதுர அடி. அங்கேயே பாருங்கள், இடத்துக்கு இடம் வேறு எண். ஆனால் குடிநீரை மனத்தில் வைத்துப் போட்ட அந்தக் கணக்கு சுற்றியிருந்த கடற்கழிகளுக்குப் போதவில்லை. மனிதர் குடிக்கத் தகும் அளவு நைட்ரஜனே பாசியை மண்டச்செய்து கடற்புல்லை அழித்துவிடும். கடைசியில் 2021 முதல் புதிய வீடுகளுக்கு நைட்ரஜனைக் குறைக்கும் அமைப்பு கட்டாயம் என்று வந்தது, வெளியேறும் நீரில் மொத்த நைட்ரஜன் சராசரியாக லிட்டருக்கு 19 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாதாரண செப்டிக் டேங்கிலிருந்து வருவது 60ஐ ஒட்டி இருக்கும். எந்த நீரைக் காப்பாற்றப் போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளாமல் எண்ணை முடிவு செய்தால், பிறகு திரும்ப வந்து திருத்த வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வேறு வழியில் போனது. நைட்ரஜனால் பாதிக்கப்படக்கூடிய இடங்களில் ஒரு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 440 கேலன் கழிவுநீர் என்று வரம்பு வைத்தது. ஒரு படுக்கையறைக்கு 110 கேலன் என்று கணக்கு, ஆக ஏக்கருக்கு நான்கு படுக்கையறை. இது எனக்குப் பிடித்திருக்கிறது. மண்ணுக்கு வீட்டின் எல்லைக்கல் தெரியாது, எத்தனை பேர் கழிவு வருகிறது என்பதுதான் தெரியும். இரண்டு அறை வீடு கட்ட நினைக்கும் வயதான தம்பதியிடம் ஆறு அறை மாளிகைக்குரிய நிலத்தைக் கேட்பது எப்படிச் சரியாகும்?

[திரையில்: தொட்டியின் மூடி திறந்திருக்கிறது, உள்ளே கசடு]

ஆனால் அளவைக் குறைப்பவர்கள் பெரும்பாலும் கடந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது, பராமரிப்பு. பெரிய நிலம் நம் அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளும். சின்ன நிலம் பொறுக்காது. தொட்டியை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் கசடு ஊறல் பகுதிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும், அங்கே கருப்பாக வழவழவென்று ஒரு படலம் தடித்துப்போகும். நைட்ரஜன் குறைக்கும் கருவிக்குக் காற்று ஊதும் மோட்டார் ஓட வேண்டும். அது நின்றுபோனால் கருவி வெறும் தொட்டிதான், நான் மேலே சொன்ன 8 மீண்டும் 16 ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. அயர்லாந்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் வீடுகள் இப்படிப்பட்ட அமைப்புகளை நம்பியிருக்கின்றன. ஆபத்து அதிகமுள்ள இடங்களைத் தேர்ந்து உள்ளாட்சிகள் ஆய்வு செய்யும்போது ஏறத்தாழ பாதி தேறுவதில்லை. ஆய்வே இல்லாத இடத்தில் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் கெட்டுப்போவது அவர் கிணறு மட்டுமில்லை, சரிவில் கீழே இருக்கும் குடும்பத்தின் கிணறும்தான்.

அப்புறம், ஐந்து பத்து ஏக்கர் விதிகள். அவற்றுக்குக் கழிவுநீர் காரணமாக இருப்பது அரிது. விளைநிலம் துண்டாகாமல் இருக்க, ஊரின் தோற்றம் மாறாமல் இருக்க, சில இடங்களில் புதிதாக யாரும் வராமல் இருக்கவே வைக்கப்படுகின்றன. விளைநிலத்தைக் காப்பது நல்ல நோக்கம்தான், ஆனால் அதை அந்தப் பெயரிலேயே விவாதிக்க வேண்டும், செப்டிக் டேங்கின் மேல் பழி போடக் கூடாது. சொல்லப்போனால் பத்து ஏக்கருக்கு ஒரு வீடு என்று சிதறவிடுவதுதான் விளைநிலத்தை அதிகம் தின்கிறது. இருபது ஏக்கரில் பத்து வீடுகளை ஒரு ஓரமாகச் சேர்த்துக் கட்டி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு அமைப்பு வைத்து, மீதி நிலத்தை இனிமேல் பிரிக்கவே முடியாதபடி எழுதி வைத்தால் என்ன? ஒவ்வொரு மனையும் கால் ஏக்கராக இருந்தாலும் மொத்தத்தில் இரண்டு ஏக்கருக்கு ஒரு வீடுதான். மழைநீரும் போதும், உழவும் நடக்கும். அந்தப் பொது அமைப்பை யார் நடத்துவார், மோட்டார் எரிந்தால் யார் பணம் போடுவார் என்பதை மட்டும் மனை விற்கும் முன்பே பத்திரத்தில் எழுதிவிட வேண்டும்.

உங்கள் பகுதியில் மனை அளவைக் குறைக்கும் தீர்மானம் வருகிறது என்றால், ஆதரிப்பதோ எதிர்ப்பதோ அப்புறம், முதலில் அந்த வரைவைக் கையில் வாங்கிப் படியுங்கள். மழைக்கால நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று குழி தோண்டிப் பார்த்தார்களா, குடிநீர் எங்கிருந்து வரும், ஏக்கருக்கு எத்தனை படுக்கையறை, ஏற்கெனவே இருக்கும் கிணறுகளில் இன்றைய நைட்ரேட் எவ்வளவு, ஐந்து ஆண்டு கழித்து தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கப் போவது யார் என்று கேளுங்கள். பதில் இருந்தால் அரை ஏக்கருக்குக் கை தூக்குவேன். இல்லையென்றால், அந்த நிலத்தில் ஒரு குழி தோண்டச் சொல்லி, தீர்மானத்தை அடுத்த மழைக்காலம் முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்வேன்.