தரையைப் பாத்துப் பேசினா பொய்யா?

அடுத்த கேள்வி தேவகோட்டையிலேருந்து ஒரு ஆச்சி அனுப்பியிருக்காக. "கடைக் கல்லாவுல 2,000 ரூபா குறையுது. வேலைக்கு நிக்கிற பையனைக் கேட்டா, தரையைப் பாத்துக்கிட்டே 'தெரியாது ஆச்சி'ங்கிறான். பொய்தானே?"

ஆச்சி, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நம்ம பக்கத்துல பெரியவுக சத்தம் போடும்போது நிமிந்து பாத்தா "என்னடா முறைக்கிற"ம்போம். குனிஞ்சா கள்ளன், நிமிந்தா திமிரு. அவன் எங்கதான் பாப்பான்?

2006-ல பாண்ட், டிபாலோன்னு ரெண்டு ஆய்வாளர்கள், அதுவரைக்கும் நடந்த சோதனைகளை ஒண்ணாச் சேத்துப் பாத்தாக. ஏறக்குறைய 25,000 பேரு பொய்யா மெய்யான்னு கணிச்ச கணக்கு அது. சரியாச் சொன்னது நூத்துக்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துரும்!

நானே ஏமாந்திருக்கேன். காரைக்குடியில ஒரு பழம்பொருள் கடையில, "அசல் பர்மா தேக்குண்ணே"ன்னு என் கண்ணையே பாத்துச் சொன்னாரு. பெட்டியை வீட்டுக்குக் கொண்டாந்து ஆசாரி அடிப்பக்கம் உளியால சுரண்டினா, சாயத்துக்குக் கீழ வேப்பமரம். பொய் சொல்றவருக்கு நாம நம்புறோமான்னு பாக்க வேண்டியிருக்குல்ல, அதான் நல்லாவே பாப்பாரு.

பொய்யைக் கண்டுபிடிக்கிற மிசின்ல வச்சுப் பாக்கலாமேன்னு சில பேரு கேப்பாக. அது நாடித்துடிப்பு, மூச்சு, வேர்வையைத்தான் அளக்கும். பயந்தவனுக்கும் அதேதான் எகிறும். சம்மதம் இல்லாம அந்தச் சோதனை செய்யக்கூடாதுன்னு 2010-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு.

அதனால கண்ணை விட்டுட்டுக் கதையைக் கேளுங்க. "எடுத்தியா"ன்னு கேக்காதீக, எடுத்தவனும் இல்லம்பான், எடுக்காதவனும் இல்லம்பான். உக்கார வச்சு, "அன்னைக்கு மத்தியானம் யார் யாரு வந்தா? நீ கல்லாவுல எவ்வளவு நேரம் நின்ன?"ன்னு சாதாரணமாக் கேளுங்க. "பால்காரருக்கு 500-க்குச் சில்லறை கொடுத்தேன்"னு சொன்னா, பால்காரரைக் கேட்டாத் தெரிஞ்சிரும். அப்படி விசாரிக்கத் தோதான விவரத்தை, பொய் சொல்றவுக பெரும்பாலும் தர மாட்டாக. உங்ககிட்ட கேமரா பதிவு இருந்தா அதை முதல்லயே காட்டிராதீக. அவன் சொல்லி முடிக்கட்டும், அப்பறம் ஒத்துப் பாருங்க. திக்குனான், முன்னுக்குப்பின் உளறுனான்னா உடனே முடிவு கட்டாதீக. பயத்துலயும் அப்படி வரும்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. ஐந்தொகைன்னு சொத்து, கடன் கணக்கெல்லாம் எழுதிப் போட்ட குடும்பத்து ஆளு நீங்க, நான் சொல்லணுமா? அன்னைக்கு யாருக்காவது கைமாத்துக் கொடுத்துட்டு எழுத விட்டுப்போச்சான்னு பேரேட்டை ஒருக்காப் பாத்துருங்க. பையனைக் கூப்பிடுறது அப்பறம்.