ஊசி போட்டாயிற்று, மாத்திரை எதற்கு?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி நான்கு நாட்களாக என்னை விடவில்லை. அவருடைய அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை லியூப்ரோலைட் ஊசி போடுகிறார்கள், அதோடு அபிராடெரோன் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அதே நோயுள்ள சித்தப்பாவுக்கு அதே ஊசி, ஆனால் மாத்திரை மட்டும் என்சலுட்டமைடு. ஊசி போட்ட பிறகும் மாத்திரை எதற்கு, இரண்டு மாத்திரைகளில் எது வீரியமானது என்று கேட்கிறார்.

தொடர்ந்து பார்க்கும் நேயர்களுக்கு என் தண்ணீர் லாரி உவமை பழகிப்போயிருக்கும். இன்றும் அதைத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் புற்றுநோய் செல் ஒரு குடம் என்றால், அதை நிரப்பும் தண்ணீர் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். பெரும்பகுதி லாரியில் வருகிறது, அதாவது விரைகளிலிருந்து வருகிறது. கொஞ்சம் அடிபம்பிலும் வருகிறது, அது சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி. விரைகளை அகற்றினால் இந்த நோய் தணிகிறது என்பதை சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1941இலேயே காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். கத்தியின்றி அதே லாரியை நிறுத்துவதுதான் ஊசியின் வேலை.

லியூப்ரோலைட் நிறுத்தும் விதம் விசித்திரமானது. விரைகளை வேலைவாங்குவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி; அதற்கு விட்டுவிட்டு வரவேண்டிய கட்டளையை இந்த ஊசி ஓயாமல் கொடுக்கிறது. அழைப்பு மணியை அழுத்திய விரலை எடுக்காமலே இருந்தால் வீட்டுக்காரர் முதலில் ஓடிவருவார், பிறகு காதில் வாங்கவே மாட்டார் அல்லவா, அப்படித்தான். அந்த முதல் ஓட்டத்தில் டெஸ்டோஸ்டிரோன் சில நாட்கள் ஏறிவிடும் என்பதால், முதுகெலும்பில் நோய் பரவியவர்களுக்கு குடத்தின் வாயை மூடும் பைகலுட்டமைடு மாத்திரையை முன்னதாகவே கொடுப்பார்கள். டெகாரெலிக்ஸ் ஊசியும், 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் மணியின் ஒயரையே துண்டித்துவிடுவதால் அந்த ஏற்றம் இல்லை.

ஆனால் லாரி நின்றாலும் அடிபம்பு நிற்பதில்லை, மாத்திரை அதற்காகத்தான். அபிராடெரோன் அடிபம்பையும் பூட்டுகிறது. நோய்க் கட்டி தானே ஹார்மோன் தயாரிப்பதையும் தடுக்கிறது. என்சலுட்டமைடு எந்தப் பம்பையும் தொடாமல் குடத்தின் வாயை மூடிவிடுகிறது. ஆகவே வீரியத்தை அளந்து கொடுப்பதைவிட, உடம்பைப் பார்த்துக் கொடுப்பதே வழக்கம்: வலிப்பு வந்தவர்களுக்கும் அடிக்கடி தடுமாறி விழுபவர்களுக்கும் என்சலுட்டமைடு தரத் தயங்குவோம், கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அபிராடெரோன் தரத் தயங்குவோம்.

சகோதரி கேட்காத கேள்வி ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. அப்பா அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார்? காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தபோது, ரப்பர் செருப்பின் வார் அவருடைய புறங்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகிவிடும் என்று அவர் அபிராடெரோனை நான்கு இட்லிக்குப் பிறகு விழுங்கியிருக்கிறார்; உணவோடு சேர்ந்தால் அந்த மருந்து பல மடங்கு அதிகமாக இரத்தத்தில் ஏறும் என்பதால்தான், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டு, போட்டபின் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாதீர்கள் என்கிறோம். போதாததற்கு, கூடக் கொடுத்த சின்ன மாத்திரையான பிரெட்னிசலோனை, அது ஸ்டீராய்டு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்காக நிறுத்தியும்விட்டார். அபிராடெரோனால் உடம்பில் உப்பும் நீரும் தேங்காமலும், பொட்டாசியம் குறையாமலும், இரத்த அழுத்தம் ஏறாமலும் காப்பதே அந்தச் சின்ன மாத்திரைதான். அதைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து.

ஆகவே சகோதரி, இன்று மாலை அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால், அடுத்த ஊசித் தேதிவரை காத்திருக்காமல், அபிராடெரோன், பிரெட்னிசலோன் இரண்டின் அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரிடம் போய்விடுங்கள்.