மங்கலான திட்டு ஒன்று தெரிகிறது, அது என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

வானத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்: கோள், துணைக்கோள், குறுங்கோள், வால்நட்சத்திரம், நட்சத்திரம், நெபுலா, கேலக்ஸி. பட்டியல் சரிதான். ஆனால் அண்ணாந்து பார்த்தால் எதன்மேலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. கண்ணுக்குத் தெரிவது இரண்டே வகை. ஒன்று புள்ளி, இன்னொன்று திட்டு. புள்ளிகளில் இடம் மாறுவதைக் கோள் என்றும், மாறாததை நட்சத்திரம் என்றும் முன்னோர்களே பிரித்துவிட்டார்கள். திட்டுகள்தான் பாடாய்ப் படுத்தின. அவற்றை இனம் பிரித்து முடிக்க ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பாரிஸில் சார்ல் மெசியே என்று ஒருவர் இருந்தார். புது வால்நட்சத்திரம் கண்டுபிடிப்பதே அவருக்கு உயிர். வால்நட்சத்திரம் சூரியனுக்கு வெகு தொலைவில் இருக்கும்போது வால் தெரியாது. தொலைநோக்கியில் மங்கலான வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். 1758 செப்டம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தபோது, ரிஷபத்தின் கொம்புப் பக்கம் அப்படி ஒரு திட்டு அவர் கண்ணில் பட்டது. தொடர்ந்து பார்த்தார். அது இம்மியும் நகரவில்லை. வால்நட்சத்திரமாக இருந்தால் நகர்ந்திருக்க வேண்டுமே! இப்படி ஆளை ஏமாற்றும் திட்டுகளுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். 1774-இல் வெளியான பட்டியலில் 45 இருந்தன. 1781-இல் அது 103 ஆனது. பின்னால் வந்தவர்கள் சேர்த்தவற்றோடு இன்று 110.

அந்தப் பட்டியலைப் போட்டவருக்கு அவை என்னவென்று தெரியாது. இவை வால்நட்சத்திரம் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். இன்று நமக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், அந்த 110-இல் 40 கேலக்ஸிகள், அதாவது நட்சத்திரங்கள் கோடி கோடியாகச் சேர்ந்த பெருந்தொகுதிகள். 29 கோளக் கொத்துகள், அதாவது லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டவை. மீதியில் நெபுலா எனப்படும் வாயு மேகங்களும், நம்முடைய கார்த்திகைபோல இளம் நட்சத்திரக் கூட்டங்களும் உண்டு. நாற்பதாவது எண் வெறும் இரட்டை நட்சத்திரம். இத்தனை இனங்களும் ஒரே வரிசையில் நின்றன.

அப்புறம் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷலும் அவர் தங்கை கரோலினும் வந்தார்கள். சுமார் 2,500 திட்டுகளையும் கூட்டங்களையும் பதிவுசெய்து, எட்டு வகுப்பாகப் பிரித்தார்கள். பிரகாசமானவை, மங்கலானவை, மிக மங்கலானவை, மிகப் பெரியவை, நெருக்கமான கூட்டம் என்று அந்த வகுப்புகள் போகும். மலைக்கவைக்கும் உழைப்பு அது. ஆனாலும் பிரித்தது தோற்றத்தை வைத்துத்தான். தொலைநோக்கி மாறினால் தோற்றமும் மாறிவிடும். மெசியேயின் பதின்மூன்றாவது திட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் நட்சத்திரமே கிடையாது என்று அவர் உறுதியாக எழுதிவைத்தார். ஹெர்ஷலின் பெரிய தொலைநோக்கியில் அது தரையில் கொட்டிய ரவைபோல ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களாகச் சிதறித் தெரிந்தது. அப்படியானால் எல்லாத் திட்டும் தொலைதூர நட்சத்திரக் கூட்டம்தானோ, இன்னும் பெரிய தொலைநோக்கி கட்டினால் போதுமோ என்று பலரும் எண்ணியதில் வியப்பில்லை.

அந்த எண்ணத்தை ஒரே இரவில் உடைத்தவர் வில்லியம் ஹகின்ஸ். குடும்பத் துணி வியாபாரத்தை விற்றுவிட்டு, லண்டனின் டல்ஸ் ஹில் பகுதியில் வீட்டோடு ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொண்டவர். 1864 ஆகஸ்ட் 29 அன்று, டிராகோ என்ற வடவான் மண்டலத்தில் இருக்கும் சிறு நெபுலா ஒன்றின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்திப் பார்த்தார். நட்சத்திர ஒளியாக இருந்தால் சிவப்பிலிருந்து ஊதா வரை நிறங்கள் தொடர்ந்து விரிந்திருக்கும். அவர் கண்டது ஒரே ஒரு பிரகாசமான கோடு. முப்பட்டகம் இடம் மாறிவிட்டதோ என்றுகூட முதலில் சந்தேகப்பட்டார். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. அது நட்சத்திரக் கூட்டமே இல்லை, ஒளிரும் வாயு! வாயு தன் ஒளியைச் சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும்தான் வெளியிடும். ஓரியன் என்ற நட்சத்திர மண்டலத்தில் தெரியும் நெபுலாவும் வாயுதான் என்று பிறகு தெரியவந்தது. ஆண்ட்ரோமிடா என்ற மண்டலத்தில் தெரியும் திட்டு மட்டும் அப்படி இல்லை. நட்சத்திர ஒளிபோல நிறங்கள் தொடர்ந்து விரிந்தன. வானவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இரவு இது. தோற்றத்தை விட்டுவிட்டு, ஒளி எதிலிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கியது அன்றுதான்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது: அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஆண்ட்ரோமிடா திட்டு, சூரியனும் நாமும் இருக்கும் கேலக்ஸியான பால்வெளிக்குள் இருக்கிறதா, வெளியிலா என்று 1920-இல்கூட அறிஞர்கள் மேடையேறி வாதாடினார்கள். 1923 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியால் எட்வின் ஹபிள் அதைப் படமெடுத்தார். அந்தக் கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில், நோவா, அதாவது திடீரென்று பிரகாசம் கூடும் நட்சத்திரம், என்பதைக் குறிக்கும் எழுத்தை அவர் முதலில் போட்டார். பிறகு அதை அடித்துவிட்டு, ஒளி மாறும் நட்சத்திரம் என்று ஆச்சரியக்குறியோடு எழுதினார். அந்தத் தகடு இன்றும் இருக்கிறது. அந்த நட்சத்திரம் ஏறக்குறைய 31 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைந்தது. இவ்வகை நட்சத்திரங்கள் கூடிக் குறையும் கால அளவைக் கொண்டு அவற்றின் உண்மையான பிரகாசத்தைக் கணிக்கலாம் என்பதை ஹென்ரியட்டா லீவிட் முன்பே கண்டுபிடித்திருந்தார். அவர் இல்லாமல் ஹபிளின் முடிவு இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹபிளுக்குக் கிடைத்த தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு, அதாவது ஒளி 9 லட்சம் ஆண்டுகளில் கடக்கும் தூரம். இன்றைய கணக்கில் 25 லட்சம். எப்படிப் பார்த்தாலும் அது பால்வெளியின் அகலத்தைவிட அதிகம். அதனால் ஆண்ட்ரோமிடா பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி கேலக்ஸி.

மெசியே முதலில் பார்த்த ரிஷபத் திட்டு என்ன ஆயிற்று? 1054-இல் சீனர்கள் பார்த்துக் குறித்துவைத்த, பகலிலும் தெரிந்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம் அது. நடுவில் விநாடிக்கு 30 தடவை சுழலும் நியூட்ரான் நட்சத்திரம், அதாவது வெடித்த நட்சத்திரத்தின் இறுகிப்போன மையம், இருக்கிறது.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதற்கு முன்னால், டிசம்பர், ஜனவரி இரவுகளில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள். ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுக் கீழே பைனாகுலரைத் திருப்பினால் ஒரு திட்டு தெரியும். அது என்னவென்று அவர்களையே கேளுங்கள். நகர்கிறதா, எதிலிருந்து ஒளி வருகிறது, எவ்வளவு தூரம் என்று கேள்விகள் தானாக வரும்.

இன்னும் இனம் பிரித்து முடியாத ஒன்றும் நமக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் தெற்கு வானத்தில், தென்சிலுவைக்கு வடகிழக்கே ஒமேகா சென்டாரி என்ற திட்டு தெரியும். பாரிஸில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அதனால் மெசியேயின் பட்டியலில் அதற்கு இடமில்லை. கன்னியாகுமரியிலிருந்து தாராளமாகப் பார்க்கலாம். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் கொண்ட அதைக் கோளக் கொத்து என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் அதன் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே தலைமுறை அல்ல. பால்வெளி விழுங்கிய ஒரு சிறு கேலக்ஸியின் மையம் அது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதன் நடுவே மிக வேகமாக ஓடும் ஏழு நட்சத்திரங்களைக் கண்டு, அங்கே நடுத்தர எடையுள்ள கருந்துளை இருக்க வேண்டும் என்று 2024-இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.